நாரும் பிசினும் – வரலாற்றுத் தொடர், பகுதி 11: விடை தெரியாமல் போட்ட கணக்கு

1971 பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் திவாலானதோடு சென்ற பகுதியை நிறுத்தினோம். ஆர்பி211 என்ஜினின் செலவு கைமீறிப் போனதற்குக் காரணங்கள் பல. ஹைஃபில் என்று பெயரிட்ட கார்பன் இழை விசிறித் தகடு 1970 மே மாதம் பறவை மோதல் சோதனையில் சிதறியது அவற்றில் ஒன்று. அதன் இடத்துக்கு டைட்டானியம் தகடு வந்தது. இந்தக் கதையைப் படிப்பவர்களுக்கு இயல்பாக ஒரு கேள்வி எழும்: இன்றைய கணினிகள் அன்றைக்கு இருந்திருந்தால், தகட்டைச் செய்து பார்க்காமலே அது உடையும் என்று கண்டுபிடித்திருக்கலாமே? காம்போசிட் பொருள்களின் சிமுலேஷன் வரலாற்றை எழுதுகிற பலரும் ஆமாம் என்ற பதிலை வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். முதலில் பென்சில், பிறகு அறை நிறைந்த கணினி, பிறகு ஆயிரக்கணக்கான செயலிகள். வேகம் கூடக்கூடக் கணிப்பும் துல்லியமாகிக்கொண்டே வந்தது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை என்பது என் வாதம். இந்தத் துறையின் திருப்புமுனையை எந்தக் கணினியும் கொண்டுவரவில்லை. கணக்குப் போடுகிறவர்கள், சோதனை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே தங்கள் விடையை எழுதிக் கொடுத்துவிடச் சம்மதித்தபோதுதான் அது வந்தது.

முதலில் கணக்கின் அளவு எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். விமானத்தில் பயன்படும் கார்பன் இழை ஒன்றின் குறுக்களவு சுமார் 7 மைக்ரான். ரெசினில் தோய்த்த இழைகள் ஒரே திசையில் படுத்திருக்கும் ஓர் அடுக்கின் தடிமன் 0.125 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் அறுபது விழுக்காடு இழை இருந்தால், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் மட்டும் ஏறத்தாழ 2000 இழைகள் அடங்கும். இத்தகைய அடுக்குகளை வெவ்வேறு கோணங்களில் பல பத்து எண்ணிக்கையில் அடுக்கித்தான் ஓர் இறக்கையின் மேற்தோல் உருவாகிறது. ஒவ்வொரு இழையையும் தனித்தனியே வைத்து முழு இறக்கையைக் கணக்கிடும் கணினி இன்றும் இல்லை. ஆகவே காம்போசிட்டைக் கணிப்பது என்றாலே, எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பதுதான். இழைகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் அடுக்கை ஒரே சீரான பொருளாக எடுத்துக்கொள்ளலாமா, அடுக்குகளையும் விட்டுவிட்டு முழுத் தகட்டையும் ஒன்றாகப் பார்க்கலாமா, எந்தக் கேள்விக்கு எந்தச் சுருக்கம் போதும் என்ற தீர்ப்புகளால் ஆனது இந்த வரலாறு. இந்தத் தீர்ப்பை மனிதன்தான் எடுத்தாக வேண்டும். எவ்வளவு வேகமான கணினியானாலும் எடுத்த முடிவின் விளைவைத்தான் அது கணக்கிட்டுத் தரும்.

விறைப்பைப் பொறுத்தவரை, அதாவது பொருள் எவ்வளவு வளையும், எவ்வளவு நீளும் என்ற கேள்வியில், இந்தச் சுருக்கங்கள் வியக்கத்தக்க அளவுக்குப் பலித்தன. டி300 என்ற கார்பன் இழையின் யங் குணகம் 230 கிகாபாஸ்கல். அதோடு சேரும் ஓர் எபாக்ஸி ரெசினுடையது 4. அறுபதுக்கு நாற்பது என்ற விகிதத்தில் கூட்டினால் இழைத் திசையில் 139.6 வருகிறது. அளந்து பார்த்த மதிப்பு 138. இந்தக் கூட்டல் முறையின் வேர் வோல்ட்மர் ஃபோய்க்ட் 1889இல் எழுதியதில் இருக்கிறது. இழைக்குக் குறுக்குத் திசையில் இவ்வளவு எளிதாக விடை வராது. ராய்ஸ் (Reuss) 1929இல் தந்த எதிர்முனைச் சூத்திரம் அளந்த மதிப்பைவிடக் குறைவாகவே காட்டும். உண்மை இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதை எஷெல்பி 1957இலும், ஹாஷினும் ஷ்ட்ரிக்மனும் அறுபதுகளின் தொடக்கத்திலும், ஹாஷினும் ரோசனும் 1964இலும் படிப்படியாக நெருக்கிப் பிடித்தார்கள். முழுப் பொருளையும் பிரதிநிதித்துவப்படுத்தப் போதுமான சிறு துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை ராட்னி ஹில் 1963இல் தெளிவாக வரையறுத்தார். இன்றைய நுண்ணளவு சிமுலேஷன் எல்லாம் நிற்பது அந்த வரையறையின் மேல்தான். இவையெல்லாம் காகிதத்தில் நடந்தவை. ஆடம்ஸும் டோனரும் 1967இல் கணினியைக் கொண்டு இழைகளுக்கு நடுவே ரெசினில் தகைவு எங்கே குவிகிறது என்று கணக்கிட்டபோது, விறைப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே கைவசமாகியிருந்தது.

கணினி எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. போயிங்கில் டர்னரும் கிளஃபும் உடன் இருந்தவர்களும் 1956இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு சிக்கலான உருவத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வழியைத் திறந்தது. 1960இல் கிளஃப் அதற்கு ஃபைனைட் எலிமெண்ட் என்று பெயர் வைத்தார். காம்போசிட்டுக்கு இதைப் போன்ற எண்வழிக் கணக்கு தந்த முதல் பெரிய பரிசு, என் பார்வையில், பைப்ஸும் பகானோவும் 1970இல் வெளியிட்ட சிறிய ஆய்வுதான். அடுக்குகளின் வழக்கமான கோட்பாட்டில், தகட்டை அதன் தளத்தில் இழுக்கும்போது அடுக்குகளுக்கு இடையே தகைவு என்று ஒன்று இருக்காது. ஆனால் வெட்டிய விளிம்பின் அருகே அது கூர்மையாக எழுகிறது என்று இவர்களின் கணக்கு காட்டியது. விளிம்பிலிருந்து தகட்டின் தடிமன் அளவு உள்ளே போவதற்குள் அது அடங்கியும் விடுகிறது. காம்போசிட் தகடுகள் ஏன் விளிம்பிலிருந்து உரிந்து வருகின்றன என்பதற்கு இது விடை தந்தது. கையால் கிடைக்காத விடை, கணினி கொடுத்தது. ஆனாலும் இது தகைவு எங்கே இருக்கிறது என்பதற்கான விடை. எவ்வளவு தகைவில் உடையும் என்பது தனிக் கேள்வி, அங்கேதான் கதை சிக்கலாகிறது.

வலிமைக் கணிப்பில் அறுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரை முறிவு விதிகள் பெருகின. ஹில்லின் உலோக விதியை அஸ்ஸியும் ட்சாயும் இழைப் பொருளுக்கு மாற்றினார்கள். 1971இல் ட்சாய்-வூ விதி வந்தது. எல்லாத் திசைத் தகைவுகளையும் ஒரே பல்லுறுப்புக் கோவையில் அடக்கியது அது, ஆனால் உடைந்தது இழையா ரெசினா என்று சொல்லாது. 1980இல் ஹாஷின் இரண்டையும் பிரித்து எழுதினார். ஜெர்மனியில் ஆல்ஃபிரட் புக் இன்னும் ஒரு படி உள்ளே போய், இழைகளுக்கு நடுவே விரிசல் எந்தத் தளத்தில், எந்தச் சாய்வில் ஓடும் என்று தேடினார். ஒவ்வொரு விதியும் அதை உருவாக்கியவரின் சோதனைகளோடு நன்றாகப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும்? அந்தச் சோதனைகளைப் பார்த்துத்தானே அதன் மாறிலிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு இந்த விதிகள் எல்லாம் ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருள்களுக்குள் ஒரு பட்டியலாகப் போய் உட்கார்ந்தன. ஒரே தகட்டுக்கு ஒரு விதியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு விடை, இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தால் வேறு விடை. திரையில் வண்ணப் படமாக வரும்போது இரண்டும் ஒரே அளவுக்கு உறுதியாகத் தெரியும். வடிவமைப்பாளருக்கு எதை நம்புவது என்று சொல்ல அந்தத் துறையில் யாரும் இல்லை.

1991இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸில் ரெசின் காம்போசிட்டுகளின் முறிவைப் பற்றி நிபுணர்கள் கூடிய கூட்டம் இந்த நிலையை வெளிப்படையாகப் பேசியது. அதிலிருந்து மைக் ஹிண்டன், பீட்டர் சோடன், சாம் கடூர் ஆகிய மூவரும் முன்னின்று நடத்திய உலகளாவிய முறிவுப் பயிற்சி பிறந்தது. விதிகள் எளியவை, ஆனால் கடுமையானவை. ஒவ்வொரு கோட்பாட்டையும் முடிந்தவரை அதை உருவாக்கியவரே பயன்படுத்த வேண்டும்; வேறொருவர் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்ற சாக்குக்கு இடமில்லை. எல்லோருக்கும் ஒரே தரவு: நான்கு வகை இழை-ரெசின் அடுக்குகளின் விறைப்பும் வலிமையும், அடுக்கும் முறைகள், சுமையின் வகைகள். 14 கணக்குகள். குழாய்களை உள்ளழுத்தத்தாலும் நீளவாட்டு இழுப்பாலும் ஒரே நேரத்தில் சோதித்த முடிவுகள் அமைப்பாளர்களிடம் இருந்தன. ஆனால் பங்கேற்பவர்களுக்கு அவை காட்டப்படவில்லை. கணிப்புகள் 1998இல் கம்போசிட்ஸ் சயன்ஸ் அண்ட் டெக்னாலஜி இதழில் அச்சேறின. அச்சேறிய பிறகுதான் சோதனை முடிவுகள் திறக்கப்பட்டு, ஒப்பீடு 2002இல் வந்தது. கூடுதல் கோட்பாடுகளையும் சேர்த்து 2004இல் முழுத் தொகுப்பு வெளியானபோது மொத்தம் 19 கோட்பாடுகள் இருந்தன. அழைப்பை ஏற்காத ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹாஷின் தன் பெயரில் வழங்கும் விதி ஒரே திசை இழை அடுக்குக்கு எழுதியது, பல அடுக்குத் தகட்டுக்கு அல்ல என்று சொல்லி மறுத்துவிட்டார். பல அடுக்குத் தகட்டின் முறிவைக் கணிக்கத் தனக்குத் தெரியாது, வேறு யாருக்கும் தெரியும் என்றும் தான் நம்பவில்லை என்று அவர் எழுதியதை அமைப்பாளர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். தன் பெயரிலேயே ஒரு விதி உலகின் மென்பொருள்களில் எல்லாம் இயங்கிக்கொண்டிருந்தபோது ஓர் அறிஞர் இப்படி எழுதியது, இந்தத் தொடரில் நாம் சந்திக்கும் நேர்மைகளில் மிகப் பெரியது என்று நினைக்கிறேன்.

முடிவுகள் ஹாஷினின் சந்தேகத்துக்கு வலு சேர்த்தன. ஒரே தகட்டுக்கு, ஒரே சுமைக்கு, கோட்பாடுகள் தந்த வலிமைகள் சில இடங்களில் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபட்டன. புக், ட்சாய், சினோவியேவ், போகெட்டி, குன்ட்ஸே ஆகியோரின் அணுகுமுறைகள் மற்றவற்றைவிட நன்றாகச் செய்தன. ஆனால் அந்த முன்னணிக் கோட்பாடுகளின் கணிப்புகூட, அளந்த வலிமையிலிருந்து பத்து விழுக்காட்டுக்குள் வந்தது பாதிக்கும் குறைவான இடங்களில்தான். இந்தப் பொருள்கள் அப்போது சில பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தவை. புதிய அதிசயப் பொருளுக்கு இப்படி நேர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அழுத்தக் குழாய்களுக்கு அன்றாடம் சுற்றும் கண்ணாடி இழைக்கே இந்த நிலை என்பதுதான் அதிர்ச்சி.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது. இந்தப் பயிற்சியில் பங்கேற்றவை பெரும்பாலும் அடுக்குக் கோட்பாட்டின் மேல் நின்ற சூத்திரங்கள்தானே, முழுமையான சிமுலேஷன் அல்லவே. சைக்கிள் ஓட்டத்தின் முடிவை வைத்து விமானத்தை எடைபோடலாமா என்று கேட்கலாம். ஆனால் பெரிய மென்பொருள்களின் உள்ளே ஒவ்வொரு சிறு துண்டிலும் இது உடைந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னது இதே சூத்திரங்கள்தான். வெளியே பத்து லட்சம் துண்டுகள் கொண்ட வலை இருந்தாலும், உள்ளே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் விதி தவறானால் அந்தத் தவறு பத்து லட்சம் முறை கணக்கிடப்படும். மேலும், பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடியதும், அது சூத்திரத்தின் வடிவத்தைவிட ஆழமான இடத்தில் இருந்தது. பர்விசி, காரட், பெய்லி ஆகியோர் 1978இலேயே கண்ணாடி இழைத் தகடுகளில் காட்டியது இது: சுமைக்குக் குறுக்காகப் படுத்திருக்கும் அடுக்கு, தடிமன் குறையக் குறைய, மேலும் அதிகமான திரிபு வரை விரிசல் விடாமல் தாங்கும். பக்கத்து அடுக்குகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படியானால் அடுக்கின் வலிமை என்பது அந்தப் பொருளுக்கு மட்டும் உரிய ஓர் எண் அல்ல. அது எவ்வளவு தடிமனாக, எதன் பக்கத்தில் படுத்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. தனி அடுக்கை இழுத்து அளந்த வலிமையைக் கொண்டுபோய்த் தகட்டுக்குள் வைத்த எந்த விதியும் இந்த இடத்தில் தடுமாறியே தீரும். ஹாஷின் சொன்னதன் உட்பொருளும் இதுதான்.

ஆகவே அடுத்த தலைமுறை வலிமையோடு நிற்காமல் முறிவு ஆற்றலையும் கணக்குக்குள் கொண்டுவந்தது. ஒரு விரிசல் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் திறக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்பதை அளந்து, அந்த ஆற்றல் செலவாகும் வரை மெல்ல மெல்லத் தளரும் இடைமுகத் துண்டுகளை அடுக்குகளுக்கு நடுவே வைத்தார்கள். இதன் வேர் டக்டேல் 1960இலும் பேரன்பிளாட் 1962இலும் எழுதியவற்றில் இருக்கிறது; காம்போசிட் அடுக்குப் பிரிதலுக்கு ஏற்றபடி கமன்யோவும் டாவிலாவும் 2002இல் நாசாவில் அதைச் செப்பனிட்டார்கள். அடுக்குக்குள் பரவும் சேதத்துக்கு பஜாண்டும் ஓவும் கான்கிரீட்டுக்காக 1983இல் தந்த வழி கைகொடுத்தது. வலையைப் பொடியாக்கினால் முறிவுச் சுமையும் பொய்யாகக் குறைந்துகொண்டே போகும் கோளாறை அது கட்டுப்படுத்தியது. இந்தக் கருத்துகளில் பல முறிவுப் பயிற்சிக்கு முன்பே பிறந்தவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆற்றலைக் கணக்குக்குள் கொண்டுவராமல் முடியாது என்று துறை முழுவதும் ஒப்புக்கொண்டது, விடைகள் பொதுவில் வைத்து ஒப்பிடப்பட்ட பிறகுதான்.

இரண்டாவது மறுப்பு கணினியின் பக்கம் நின்று பேசும். ஃபூரியர் உருமாற்றத்தைப் பயன்படுத்தி நுண்ணமைப்புப் படத்திலிருந்தே நேராகக் கணக்கிடும் வழியை மூலினெக்கும் சுக்கேயும் 1994இல் மார்செய்யில் தந்தார்கள். கொன்சாலெஸும் யோர்காவும் 2007இல் மாட்ரிட்டில், ஒழுங்கில்லாமல் பரவிய பல பத்து இழைகளைத் தனித்தனியே வைத்து, குறுக்குத் திசை அமுக்கத்தில் ரெசினில் சறுக்குப் பட்டைகள் எப்படி உருவாகின்றன என்று கணக்கிட்டார்கள். கணினி வலிமை இல்லாமல் இது சாத்தியமே இல்லை. உண்மைதான். ஆனால் அந்த ஆய்வை ஊன்றிப் படித்தால், அதன் விடை இரண்டு அளவீடுகளைச் சார்ந்திருப்பது தெரியும்: அமுக்கும்போது ரெசின் எப்படி நெகிழ்கிறது, இழைக்கும் ரெசினுக்கும் இடையேயான பிடிப்பு எவ்வளவு. பிடிப்பைக் குறைத்தால் முறிவு நடக்கும் விதமே மாறிவிடுகிறது. 7 மைக்ரான் இழையின் மேற்பரப்பில் உள்ள பிடிப்பை அளப்பது இன்றும் கடினமான வேலை. வேகமான கணினி நம்மைக் கேள்வியின் வாசல் வரை கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து உள்ளே போக அளவீடுதான் வேண்டியிருந்தது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. கணிப்பு இவ்வளவு தள்ளாடினால் காம்போசிட் விமானங்கள் எப்படிப் பறக்கின்றன? எடையில் பாதி காம்போசிட்டாக உள்ள போயிங் 787 பறக்கிறதே? அது பறப்பதற்குக் காரணம், கணிப்பை மட்டும் நம்பி யாரும் அதைப் பறக்கவிடவில்லை என்பதுதான். சிறு துண்டில் தொடங்கி, இணைப்பு, பெரும்பகுதி, முழு விமானம் என்று சோதனைகளை அடுக்கடுக்காக ஏறும் முறை இந்தத் துறையின் வழக்கம். கணக்கைச் சோதனைச் சான்றோடு சேர்த்துத்தான் விமானப் பாதுகாப்பு அதிகாரிகள் ஏற்கிறார்கள். இழைக்கு அனுமதிக்கும் திரிபையும் அது தாங்கக்கூடியதைவிட வெகு கீழே வைக்கிறார்கள். அறியாமைக்குக் கூடுதல் எடையால் விலை கொடுக்கிறார்கள். 2009இல் 787இன் முழு அளவு நிலைச் சோதனையில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உள்விறைப்புக் கம்பிகளின் முனைகளில் சேதம் தெரிந்தது. கணினி மாதிரி அதை முன்னதாகச் சொல்லவில்லை. முதல் பறப்பு ஜூன் மாதம் தள்ளிவைக்கப்பட்டு, அந்த இடம் வலுப்படுத்தப்பட்ட பிறகு டிசம்பர் 15 அன்று விமானம் பறந்தது. சோதனை தன் வேலையைச் செய்தது. இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் விழுந்து 265 பேரைப் பலிகொண்ட ஏர்பஸ் ஏ300இன் வால் துடுப்பு காம்போசிட்டால் ஆனது. அதன் வலப்புறப் பின் கொண்டி ஏன் முறிந்தது என்று நாசா லாங்லி குழு கணக்கிட்டு, 1985 சான்றிதழ்ச் சோதனையோடும் 2003இல் நடத்திய புதிய சோதனைகளோடும் ஒப்பிட்டது. முறிவின் விதமும் சுமையும் ஒத்துப்போயின. வடிவமைப்பு எல்லைச் சுமையின் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்த பிறகே துடுப்பு பிய்ந்தது என்ற முடிவுக்கு இது துணைநின்றது. சிமுலேஷன் இங்கே உயிர்ப்பிரச்சினை ஒன்றுக்கு நம்பத்தக்க சாட்சியாக நின்றது. அந்த நம்பகம், கணக்கை ஊன்றி நிறுத்தச் சோதனைகள் அருகில் இருந்ததால் வந்தது.

முறிவுப் பயிற்சி அதோடு ஓயவில்லை. முப்பரிமாண அழுத்தத்துக்கான இரண்டாவது சுற்றில் 12 கணக்குகள், 12 குழுக்கள். முடிவுகள் 2012, 2013 ஆண்டுகளில் வந்தன. சேதம் படிப்படியாகப் பரவுவதைக் கணிக்கும் மூன்றாவது சுற்று 2013இல் கணிப்புகளை வெளியிட்டது. விரிசல் பெருக்கம், துளையைச் சுற்றிய சேதம், அடுக்குப் பிரிதல் ஆகியவை அதில் கேள்விகளாக இருந்தன. கோட்பாடுகள் அங்கும் ஒன்றுக்கொன்று விலகின. அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தின் ஆதரவில், துளையிட்ட கார்பன் தகடுகளுக்கு நடந்த ஒப்பீடு 2017இல் வெளியானது. அதில் ஒவ்வொரு குழுவும் இரண்டு முறை விடை கொடுத்தது: சோதனை முடிவைப் பார்ப்பதற்கு முன் ஒரு முறை, பார்த்துத் திருத்திய பின் ஒரு முறை. இரண்டாவது விடைகளில் பிழை குறைந்தது, எதிர்பார்த்தபடியே. இரண்டும் தனித்தனியாக அச்சிடப்பட்டதால், எவ்வளவு பங்கு கோட்பாட்டின் அறிவு, எவ்வளவு பங்கு சரிப்படுத்தல் என்பதைப் படிப்பவர் தாமே பிரித்துப் பார்க்கலாம். காம்போசிட் மென்பொருள் வாங்கும் எவரும் விற்பவரிடம் கேட்க வேண்டியது அந்த முதல் விடையைத்தான்.

(தொடரும்)